சொல்லிவிட்டு விட்டுக்கொடுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எஸ் பாஸ் (வெளிநாட்டு ஊழியருக்கான ஒரு வேலை அனுமதி). சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். மனைவியும் மகளும் அங்கேதான். 12 மணி நேர ஷிப்ட். குழுவில் ஏழு பேர். பிரிவுத் தலைவரும் இன்னொருவரும் சீனர்கள்; நான் உள்ளே வந்தால் மாண்டரினை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். இரண்டு மலாய்க்காரர்கள், அதில் ஒருவர் தினமும் மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து வந்து போகிறார். ஒரு பிலிப்பீன்ஸ் பெண், ஒரு மியன்மார் தம்பி, நான். யாரோடும் சண்டை கிடையாது. சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறவனே நான்தான்.

ஐந்து வருடமாகச் சீனப் புத்தாண்டு இரண்டு நாளும் நான்தான் வேலைக்குப் போகிறேன். நோன்புப் பெருநாளும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவும் அப்படியே. போன தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு வாங்கித் திருச்சிக்கு டிக்கெட்டும் போட்டிருந்தேன். சீன நண்பர் ஒருவர் அதே வாரம் ஜப்பான் சுற்றுலா போட்டுவிட்டார். இருவரும் ஒன்றாகப் போக முடியாது, யாராவது மாற்றிக்கொள்கிறீர்களா என்று தலைவர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் "எனக்குப் பரவாயில்லை" என்றேன். நண்பர் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கி வந்து கொடுத்தார். வீட்டில் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

மீட்டிங்கிலும் இதே கதை. எக்ஸாஸ்ட் குழாயில் பொடி படிந்து மோட்டார் கரண்ட் மெதுவாக ஏறுவதைப் பார்த்து, ஒரு வேக்குவம் பம்ப் (காற்றை உறிஞ்சி வெளியேற்றுவது) அடைக்கப் போகிறது என்று சொன்னேன். "போன மாதம்தானே சுத்தம் செய்தோம்" என்றார் ஒருவர். அவர் மனம் நோகக் கூடாதே என்று விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் பம்ப் நின்றது. இப்போது டீம் லீட் பதவி என்னைவிட ஜூனியரான மியன்மார் தம்பிக்குப் போய்விட்டது. "உங்களை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் லீடுக்குக் கொஞ்சம் அழுத்திப் பேசத் தெரிய வேண்டும்" என்கிறார் தலைவர்.

நம்மாட்கள்தான் விட்டுக்கொடுக்கிறோம், மற்றவர்கள் அப்படி இல்லை. "விட்டுக்கொடுப்பவன் கெட்டுப்போவதில்லை" என்று அப்பா சொல்லி வளர்த்தார். "குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள்" என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி? வேறு கம்பெனி பார்த்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவும் மனைவியும் ஆளுக்கொரு பழமொழியைச் சொல்லி உங்களை நடுவில் நிறுத்திவிட்டார்கள். சீனப் புத்தாண்டு விஷயத்தில் உங்கள் அப்பா சொல்வது சரி. தீபாவளி டிக்கெட்டிலும் பம்ப்பிலும் உங்கள் மனைவி சொல்வது சரி. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிட்டதால்தான் குழப்பம்.

முதலில் ஒன்று. விட்டுக்கொடுப்பதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974-ல் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். 30 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் உங்களுக்குப் பொருந்துவதை டிக் செய்ய வேண்டும். உலகம் முழுக்க மனிதவளத் துறையில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கருத்து மோதல் வந்தால் மனிதர்கள் ஐந்து விதமாக நடந்துகொள்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு: முட்டி மோதி ஜெயிப்பது, ஒதுங்கிப் போவது, விட்டுக்கொடுப்பது, பாதிக்குப் பாதி ஒத்துக்கொள்வது, சேர்ந்து உட்கார்ந்து புது வழி தேடுவது. இதில் நல்லது இது, கெட்டது இது என்று அவர்கள் முத்திரை குத்தவில்லை. விட்டுக்கொடுப்பதற்கும் ஏற்ற நேரம் உண்டு என்றார்கள். தப்பு நம் பக்கம் என்று தெரியும்போது. நமக்குச் சின்னதாகவும் எதிரில் இருப்பவருக்குப் பெரியதாகவும் இருக்கும்போது. நாளைக்கு நாம் ஒன்று கேட்க வேண்டிவரும், அதற்குக் கொஞ்சம் நல்லெண்ணம் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்கும்போது.

சீனப் புத்தாண்டு இதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. முந்தின நாள் இரவு குடும்பம் மொத்தமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். மகன் வரவில்லை என்றால் அந்த வீட்டில் அது பெரிய குறை. உங்களுக்கோ அது இன்னொரு ஷிப்ட். நீங்கள் கொடுத்தது சின்னது, அவர்கள் வாங்கியது பெரியது. அதைத் தொடர்ந்து செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்து வருடமாகக் கொடுத்தீர்கள், ஒருமுறையாவது கொடுப்பதாகச் சொன்னீர்களா? கடிதத்தைத் தேடிப் பார்த்தேன். "பரவாயில்லை" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். அந்தப் பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதும்போது உங்கள் பேனா அழுத்தமாகப் பதிந்திருக்கிறது, கோபம் தெரிகிறது. ஆனால் அந்த நண்பர் பக்கம் நின்று பாருங்கள். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு பேருக்கு ஒரே வாரம் லீவு வேண்டும், ஒருவர் பரவாயில்லை என்று மாற்றிக்கொண்டார். சிங்கப்பூரில் தீபாவளி பொது விடுமுறை; அதோடு நாலு நாள் லீவு சேர்த்தால் ஒரு வெளியூர்ப் பயணம் போய்வரலாம் என்று வருட ஆரம்பத்திலேயே காலண்டரைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் நிறைய. நீங்களும் அப்படி ஒரு லீவைத்தான் தள்ளிப் போட்டீர்கள் என்று அவர் நினைத்திருப்பார். அந்த உதவிக்கு ஒரு பெட்டி பிஸ்கட் சரியான நன்றிதான். ஒரு குழந்தை அப்பா வருவார் என்று காத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஊரில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் தெருவில் நீங்கள் "பரவாயில்லை" என்று இழுத்த மாதிரிச் சொன்னால், எதிரில் இருப்பவர் "இல்லை இல்லை, நீ போய்ட்டு வா" என்று அவரே பின்வாங்குவார். குரலைக் கேட்டே புரிந்துகொள்வார். உங்கள் குழுவிலோ ஏழு பேரும் பேசுவது பொது ஆங்கிலம். வார்த்தை போய்ச் சேரும், இழுவை போய்ச் சேராது. உங்கள் தலைவருக்கு ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை, கட்டம் போட்ட ஒரு தாள். ஐந்து வருடம் ஒரு கட்டத்தில் ஒரே பெயர் வந்தால் அவருக்கு இதில் ஆட்சேபம் இல்லை போலிருக்கிறது என்றுதான் எவரும் முடிவு கட்டுவார்கள்.

சொல்லிக் காட்டினால் கொடுத்ததற்கு மதிப்புப் போய்விடுமே, அது நம் வழக்கமில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். புதுக்கோட்டைக்காரர் நீங்கள் இதைச் சொல்லக் கூடாது! ஆடியில் உங்கள் பக்கத்து மொய் விருந்துகளில் என்ன நடக்கிறது? கறிச்சோறு ஒரு பந்தியில், நோட்டுப் புத்தகத்தோடு எழுதுகிறவர் ஒரு மேசையில். பெயர், ஊர், தொகை எல்லாம் எழுதப்படும். எழுதியதால் பாசம் குறைந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. எழுதியிருப்பதால்தான் நாலு வருடம் கழித்து உங்களுக்கு ஒரு தேவை என்றால் அது திரும்பி வருகிறது. உங்கள் குழுவில் ஐந்து வருடமாக மொய் வைத்துக்கொண்டே இருக்கிறீர்கள், ஒரு முறையும் மேசைப் பக்கம் போய்ப் பெயர் சொல்லவில்லை.

இனி, "நம்மாட்கள்தான் விட்டுக்கொடுக்கிறோம்" என்ற வரி. இதை ஒத்துக்கொள்ள முடியாது. கெர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் 1967-லிருந்து 1973 வரை பல நாடுகளில் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, எந்த நாட்டில் தனிமனிதப் போக்கு அதிகம், எங்கே குழு மனப்பான்மை அதிகம் என்று மதிப்பெண் போட்டார். தனிமனிதப் போக்கில் இந்தியாவுக்கு 48, பிலிப்பீன்ஸுக்கு 32, சிங்கப்பூருக்கு 20. அதாவது அந்தக் கணக்குப்படி உங்கள் குழுவில் "நான், எனக்கு" என்று பேச வேண்டியவர் நீங்கள்தான்! எனக்கு இந்த மதிப்பெண்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஒரு நாட்டின் சராசரியை வைத்துப் பக்கத்து நாற்காலிக்காரரை எடை போட முடியாது. ஆனால் இனத்தை வைத்து நீங்கள் போட்ட கணக்கும் அதே தவறுதான் என்று காட்டுவதற்கு இது போதும்.

உங்கள் கடிதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஜோகூர் பாருவிலிருந்து வருகிறவர் காலை ஏழு மணி ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்? கடற்பாலத்து நெரிசலைத் தாண்டி, இரண்டு பக்கக் குடிநுழைவையும் தாண்டி வர வேண்டும். நோன்பு மாதத்தில் அந்த இரண்டு பேரும் பகல் ஷிப்ட் பார்க்கிறார்களா? தூசு புகாத கிளீன்ரூமில், தலை முதல் கால் வரை மூடிய உடைக்குள், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், சூரியன் மறையும் ஏழு மணி வரை. எனக்கு ஷிப்டை மாற்றிக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் உள்ளே வந்தால் சீன நண்பர்கள் மாண்டரினை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுவார்கள் என்று ஓரிடத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் விட்டுக்கொடுப்பதுதான். மியன்மார்க்காரர்களிடம் மற்றவரைச் சிரமப்படுத்தக் கூடாதே என்ற கூச்சம் மிக ஆழமானது. அந்தத் தம்பி எத்தனை விஷயத்தைக் கேட்காமல் விழுங்கியிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? ஏழு பேரும் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டு, ஏழு பேரும் தான் ஒருவரே கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்க்கிற கலப்புக் குழுக்களில் வெளிப்படையான சண்டையைவிட இதுதான் அதிகம்.

இதை ஒரு நாடே வேறு விதமாகச் செய்திருக்கிறது. 1968-ல், பிரிட்டிஷ் படைகள் வெளியேறப் போவதாக அறிவித்த காலத்தில், பொருளாதாரப் போட்டித்தன்மைக்காகச் சிங்கப்பூர் பொது விடுமுறைகளைக் குறைத்தது. எதை விடுவது என்று சமயக் குழுக்களிடம் கலந்து பேசினார்கள். முஸ்லிம்கள் நபிகள் பிறந்த நாளை விட்டார்கள். கிறிஸ்துவர்கள் ஈஸ்டர் திங்களை விட்டார்கள். தீபாவளியா தைப்பூசமா என்ற கேள்வி இந்துக்கள் முன் வந்தது, தீபாவளியை வைத்துக்கொண்டார்கள். இன்று வருடத்துக்கு 11 பொது விடுமுறை. தைப்பூசத்தன்று காவடி எடுக்க லீவு போட வேண்டியிருக்கிறதே என்ற குறை இன்றுவரை தீரவில்லை. அந்த ஏற்பாடு எல்லோரையும் திருப்திப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யார் எதை விட்டார்கள் என்பது ஊரறியப் பதிவாகியிருக்கிறது. குறை சொல்கிறவருக்கும் எதைச் சுட்டிப் பேசுவது என்று தெரிகிறது. உங்கள் குழுவில் சுட்டிப் பேசவும் ஒன்றுமில்லை.

இனி, நீங்கள் கொடுத்திருக்கவே கூடாதவை.

தீபாவளி வாரம் உங்களுடையது மட்டும் அல்ல. அதில் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் பங்கு இருந்தது. அவர்களைக் கேட்காமல் மீட்டிங் அறையில் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டீர்கள். "குனிகிறவனும் முட்டாள்" என்று உங்கள் மனைவி சொன்னது நீங்கள் சீனர்களிடம் குனிந்ததற்காக இருக்காது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காததற்காக இருக்கும். பத்து நாள் பேசாததற்கு அது போதுமான காரணம் என்றே நினைக்கிறேன். இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பம்ப் இன்னும் தெளிவான கேஸ். உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியைப் படித்தபோதுதான் உங்களுக்கு வேலை எவ்வளவு தெரியும் என்று எனக்குப் புரிந்தது. சில்லின் மேல் மெல்லிய படலம் படியவைக்கும் இயந்திரத்தின் வாயுவோடு வரும் மிச்சம் பம்ப்பைத் தாண்டியதும் எக்ஸாஸ்ட் குழாயில் பொடியாகப் படிகிறது. குழாய் குறுகக் குறுக மோட்டார் இழுக்கும் கரண்ட் மெதுவாக ஏறுகிறது. அந்த ஏற்றத்தை நீங்கள் மட்டும் கவனித்திருக்கிறீர்கள். பிறகு ஒருவர் "போன மாதம்தானே" என்றதும் வாயை மூடிக்கொண்டீர்கள். அவர் முகம் வாடக் கூடாது என்பதற்காக. பம்ப் அவருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அது நின்றபோது உள்ளே மாட்டிய வேஃபர்கள் (சில்லு செய்யும் சிலிக்கன் தட்டுகள்) வீண், இரவு ஷிப்ட்காரர்களுக்கு அவசர வேலை, அதில் அந்த நண்பரும் ஒருவராக இருந்திருக்கலாம். இதற்குப் பெயர் விட்டுக்கொடுப்பது கிடையாது. உங்கள் வேலையைப் பாதியில் விட்டதுதான்.

இயந்திரத்தைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து ஆளுக்கொரு பூட்டு மாட்டுகிறீர்கள் அல்லவா? நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு, ஆளுக்கொரு சாவி. "பரவாயில்லை, உங்கள் பூட்டே போதும்" என்று அங்கே யாரும் மரியாதை பார்ப்பதில்லை. பராமரிப்பு விவகாரத்தில் நீங்கள் பேசும் பேச்சும் அந்தப் பூட்டின் கணக்கில்தான் வரும்.

மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், அதற்கு வழி இருக்கிறது. மோதலில் நம் முகம், எதிரில் இருப்பவர் முகம், இரண்டு பேருக்கும் பொதுவான முகம் என்று மூன்றைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று ஸ்டெல்லா டிங்-டூமி என்ற தகவல் தொடர்பு ஆய்வாளர் 1980-களில் எழுத ஆரம்பித்தார். ஆசியக் குழுக்களில் எதிரில் இருப்பவர் முகத்தைக் காப்பாற்ற உண்மையையே மென்று விழுங்கிவிடுகிறோம். அதைத் தவிர்க்க, ஆளை விட்டுவிட்டு எண்ணைக் கொண்டு வாருங்கள். அடுத்த முறை மோட்டார் கரண்ட் கிராஃபை அச்செடுத்து மேசையில் வையுங்கள். "நீங்கள் சரியாகச் சுத்தம் செய்யவில்லை" என்ற தொனியே வேண்டாம். "இது எவ்வளவு ஏறினால் கழற்றலாம் என்று நாம் இன்றைக்கே ஓர் எல்லை வைத்துக்கொள்வோமா?" என்று கேளுங்கள். எல்லை என்னவென்று அந்த நண்பரையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு பம்ப்பைக் கழற்றச் சொல்வது அவர் வைத்த எல்லை. உங்களுக்கும் அவருக்கும் வாக்குவாதம் இல்லை.

ரோஸ்டருக்கு வருவோம். இதில்தான் நீங்கள் விட்டுக்கொடுப்பதைத் தாண்டி வேறு ஒன்று செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925-ல் ஒரு சொற்பொழிவில் ஒரு சின்ன சம்பவம் சொன்னார். ஹார்வர்டு நூலகத்தின் ஓர் அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கோ மூடியிருக்க வேண்டும். ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். யாரும் எதையும் விடவில்லை. ஃபாலெட்டுக்கு வேண்டியது மூடிய ஜன்னல் இல்லை, வாடைக்காற்று நேராக மேலே படாமல் இருந்தால் போதும்.

உங்கள் குழுவில் எல்லோரும் "எந்த நாள் லீவு வேண்டும்?" என்று கேட்டுக்கொள்கிறீர்கள். எந்த மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள். சீன நண்பர்களுக்குப் புத்தாண்டில் உயிர் நாடி முந்தின நாள் சாயங்காலம். பிலிப்பீன்ஸ் சகோதரிக்கு 24-ந் தேதி நள்ளிரவு விருந்து முக்கியம்; 25-ந் தேதி பகல் அவ்வளவு இல்லாமல் இருக்கலாம். மலாய் நண்பர்களுக்குப் பெருநாள் காலைத் தொழுகையும் அன்று முழுக்க உறவினர் வீடுகளுக்குப் போவதும் விட முடியாதவை. ஆனால் அவர்களுடைய விருந்துகள் மாதம் முழுக்க நடக்கும். உங்களுக்குத் தீபாவளி நாள் மட்டும் கிடைத்துப் பயனில்லை. திருச்சி போய் வர ஒரு வாரம் தொடர்ச்சியாக வேண்டும். இதை ஏழு பேரும் ஒரு தாளில் எழுதினால் மோதுகிற இடங்கள் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. பல பண்டிகைகள் கலந்த குழுவின் பெரிய வசதியே இதுதான். ஏழு பேரும் தமிழர்களாக இருந்தால் தீபாவளி அன்று யார் வேலைக்கு வருவது?

ஆனால் நேரே மீட்டிங்கில் இதைப் போட்டு உடைக்காதீர்கள். முதலில் தலைவரிடம் தனியாக, ஒரு கோப்பி குடிக்கும்போது. எல்லோர் முன்னாலும் கேட்டால் அவர் ஐந்து வருடம் கவனிக்காமல் இருந்தார் என்று பொருள் வந்துவிடும், அப்புறம் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். பழைய பாக்கி முழுவதையும் பட்டியல் போட வேண்டாம். கடைசி ஒன்று போதும். உங்கள் பாணி ஆங்கிலத்தில் இந்த அளவுக்குச் சொல்லுங்கள்: "போன தீபாவளிக்கு நான் லீவை மாற்றியது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. வருடத்தில் மகளைப் பார்க்கிற வாரம் அதுதான். பரவாயில்லை என்று சொன்னேன், உண்மையில் கஷ்டமாக இருந்தது. இந்த வருடம் அந்த வாரத்தை இப்போதே என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு இரண்டு நாளும் வழக்கம்போல நான் வருகிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஐந்து வருடக் கொடையை முதல் முறையாக அவர் காதில் போடுவது அதுதான்.

ஜப்பான் போன நண்பரிடமும் ஒருநாள் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், மகள் போட்டோவைக் காட்டிச் சாதாரணமாக. அவரிடமிருந்து எதுவும் வாங்குவதற்காக இல்லை. தெரிந்தால் அடுத்த முறை அவரே முதலில் எழுந்து நிற்பவராக இருக்கலாம். நிற்காமலும் போகலாம், அப்போது அவரைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரியவரும்.

அடுத்த முறை "யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா?" என்று தலைவர் கேட்டு அறை அமைதியானால், அந்த அமைதியைத் தாங்கப் பழகுங்கள். அதை முதலில் உடைப்பவர்தான் விலை கொடுக்கிறார், உங்கள் குழுவில் அது எப்போதும் நீங்கள்தான். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் குழு ஒன்றும் உடைந்துவிடாது. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால் "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் கொடுப்பது என்று முடிவு செய்தால், என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "செய்கிறேன். டிக்கெட் காசு போகிறது, இருந்தாலும் செய்கிறேன். மாற்று வாரம் எது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்."

பணக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பொது விடுமுறையில் வேலை பார்த்தால் அடிப்படைச் சம்பளத்தில் கூடுதலாக ஒரு நாள் சம்பளம் தர வேண்டும், அல்லது இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வேறொரு நாள் லீவு தர வேண்டும். சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விடுமுறை உங்கள் ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை. ஐந்து வருடமாக இது சரியாக வந்திருக்கிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் விளக்கம் இருக்கிறது.

டீம் லீட் பதவி பற்றிச் சுருக்கமாக. அந்தத் தம்பி மேல் வருத்தம் வைக்காதீர்கள். அவர் எதையும் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை. அவருடைய முதல் சில மாதங்களில் நீங்கள் அவருக்குத் துணையாக நிற்பதை எல்லோரும் பார்ப்பார்கள். "அழுத்திப் பேச வேண்டும்" என்று தலைவர் சொன்னதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தச் சந்தர்ப்பத்தில் நான் பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். பம்ப் பெயரைத்தான் சொல்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னால், நீங்கள் வாயை மூடியதை அவர் அன்றே கவனித்திருக்கிறார் என்று பொருள்.

வேறு கம்பெனி பார்ப்பதா? இதற்காக மட்டும் என்றால் இப்போது வேண்டாம். புது இடத்திலும் சீனப் புத்தாண்டு வரும், யாரோ கேட்பார்கள், நீங்கள் "பரவாயில்லை" என்பீர்கள். ஒரு ரோஸ்டர் சுற்று நான் சொன்னபடி செய்து பாருங்கள். வெளிப்படையாகக் கேட்ட பிறகும், சொன்ன பிறகும் தீபாவளி வாரம் மீண்டும் பறிபோனால், அது வேறு விஷயம். அப்போது தாராளமாகத் தேடுங்கள். எஸ் பாஸ் முதலாளியோடு கட்டியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். புது நிறுவனம் உங்களுக்காகப் புதிதாக விண்ணப்பித்து, அமைச்சின் கொள்கையளவு அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே இங்கே ராஜினாமா கடிதம் கொடுங்கள்.